டாக்டர் ஏன் சிரித்தார்

பிப்ரவரி 6

இன்று மெஷின் நாள். என் புருஷன் பவ்லுசியை உள்ளே விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வடகோடிப் பனிப் பிரதேசத்தில் இருக்கிற எங்கள் ஊர் நர்ஸ் நிலையத்தில் ஊசி உண்டு, மாத்திரை உண்டு, பிரசவத்துக்கே விமானம் ஏற வேண்டும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினுக்கு எங்கே போவது? அதனால்தான் தெற்கே, ஒட்டாவாவுக்கு வந்து விடுதியில் கிடக்கிறோம். எப்போது திரும்புவது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

கண் பரிசோதனைக்கு வந்த எங்கள் ஊர்க்காரி நாப்பாச்சி, ஒரு பெட்டி உறைந்த மீன் கொண்டுவந்தாள். என் மகள் மீக்கா கொடுத்தனுப்பியது. அறையில் அட்டையை விரித்து, தரையில் உட்கார்ந்து, பச்சையாகவே சீவிச் சீவித் தின்றோம். பக்கத்து அறை ஆட்களெல்லாம் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். பவ்லுசி கொஞ்சம்தான் சாப்பிட்டான், ஆனால் பேசினான். "இந்த ஊர்க் கடைல மீனு ஐஸ் மேல படுத்திருக்கு. ஐஸுக்கு அடில நீந்துறதுதான் மீனுன்னு இவங்களுக்கு யாரு சொல்றது?" எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 10

விரலில் இன்னும் மீன் வாசம். கழுவ மனம் வரவில்லை.

பிப்ரவரி 20

டாக்டர் பெல்வாலைப் பார்க்கப் போனோம். சின்ன வயது, நல்ல பெண். இவனுக்கு இங்கிலீஷ் வராது. நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள், எனக்கு வரும். அதனால் நான்தான் நடுவில் நின்று சொல்வது.

இங்கே எப்படி இருக்கிறது, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். பவ்லுசி யோசித்துப் பேசினான்.

"மெஷினால நான் சாகல, சரி. ஆனா இங்க நான் வாழவும் இல்ல. வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. மெஷின் இல்லாம எத்தனை நாள் இருப்பேனோ அவ்வளவு போதும். அங்கேயே செத்துக்கிறேன்."

நான் டாக்டரிடம், "நல்லா இருக்காராம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்" என்றேன்.

டாக்டர் சிரித்தார்.

பிப்ரவரி 21

ஏன் அப்படிச் சொன்னேன்? நினைத்துச் சொல்லவில்லை – இல்லை, நினைத்துத்தான் சொன்னேன். அவன் உயிரோட இருக்கான். எனக்கு அதுதான் வேணும். வேற என்ன கேட்டேன் நான்?

மார்ச் 13

மறுபடியும் டாக்டர். மறுபடியும் அவன் அதையே சொன்னான், இன்னும் சுருக்கமாக. நான் அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுவைத்தேன். டாக்டர் தேதி சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். அவன் என்னைப் பார்த்தான். 

மார்ச் 17

பேத்தி போனில் வந்தாள். பவ்லுசியின் அம்மா பெயர்தான் அவளுக்கும், மின்னி. அதனால் அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவான். அவளும் அந்த அதிகாரத்திலேயே பேசுவாள். மாத்திரை போட்டாயா, குல்லா இல்லாமல் வெளியே போனாயா என்று ஒரே மிரட்டல். கடைசியில், "எப்பதான் வருவ நீ?" என்றாள்.

"உன் பாட்டியக் கேளு, அம்மா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டான்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 29

எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம். பனிக்கட்டி உடைய ஆரம்பித்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"ஏ கிழவி, நான் வீட்டுக்குப் போய்ச் சாகப் போறேன்னு சொல்றேன். டாக்டரு ஏன் சிரிக்கிறாங்க?"

நான் நடையை எட்டிப் போட்டேன், அவன் கூடவே வந்தான்.

"ரெண்டு தடவையும் சிரிச்சாங்க. அப்படிச் சிரிக்கிற பொண்ணு இல்ல அது. அப்ப நீ வேற எதையோ சொல்லியிருக்க."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கோபமே இல்லை. அழுதுவிட்டேன். நீ இல்லாம நான் என்னடா பண்ணுவேன்னு கேட்டேன் – நடுவழில, ஆளுங்க பார்க்கப் பார்க்க. அவன் என் அங்கியின் தொப்பியை இழுத்துத் தலைமேல் போட்டு, கயிற்றைக் கழுத்தடியில் முடிந்தான், குழந்தைக்குச் செய்வதுபோல.

"என் வாயில இருந்து வந்தத அப்படியே சொல்லு, ரோடா. எனக்கு வேற வாய் இல்ல."

ஏப்ரல் 3

சொல்லிவிட்டேன். அவன் சொன்னதையும், இதுவரை நான் மாற்றிச் சொன்னதையும்.

டாக்டர் நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. பவ்லுசி இங்கே நிம்மதியாக இருக்கிறான் என்று நினைத்துத்தான் வேறு வழி எதுவும் பேசாமல் இருந்துவிட்டாராம்.

வேறு வழியா?

வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைப்பார்கள். பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து அழுக்கோடு வெளியே எடுப்பது. தினமும் நாலு முறை. வீட்டிலேயே செய்யலாம், மெஷின் வேண்டாம். எல்லோருக்கும் ஒத்துவராது. சுத்தமான தனி அறை வேண்டும், கிருமி புகுந்தால் ஆபத்து. பைகளெல்லாம் விமானத்தில் வந்தாக வேண்டும்.

ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னேன்.

"வயித்துல தண்ணிய வச்சுக்கிட்டு மீன் பிடிக்கப் போகலாமான்னு கேளு" என்றான்.

கேட்டேன். டாக்டர் சிரித்தார். "இப்ப சரியாச் சொல்லியிருக்க" என்றான்.

ஏப்ரல் 5

தனி அறை! ஊரில் எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு அறை, மகள் குடும்பத்தோடு எட்டுப் பேர். சுவரில் கரும்பூசணம். வீட்டு வசதி ஆபீசுக்குப் போன் செய்தேன். காலி வீடு கிடையாது, வரிசை நீளம் என்கிறார்கள். இந்த ஒன்றரை மாதமாய் நான் பொய் சொன்னது போதாதென்று, இப்போது உண்மை சொல்லியும் பயனில்லாமல் போகுமோ?

ஏப்ரல் 11

மீக்கா பிள்ளைகளின் அறையைக் காலி செய்துவிட்டாளாம். சுவரைச் சுரண்டி, கழுவி, வெள்ளையடித்து – அவளும் மருமகனும். பிள்ளைகள் இனி கூடத்தில். "அப்பாட்ட சொல்லாதம்மா, வேண்டாம்பாரு" என்றாள்.

இனிமேல் மறைக்கிற வேலையே வேண்டாம். சொன்னேன். ஜன்னலோரம் போய் நின்றான். பிறகு, பிள்ளைகளுக்கு நல்ல மெத்தையாக வாங்கிக்கொண்டு போகலாம் என்றான்.

மே 8

குழாய் வைத்தாயிற்று. எனக்கு ரப்பர் வயிறு ஒன்றில் பயிற்சி. கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது.

ஜூன் 12

வீடு.

ஜூன் 27

மூடுபனி. விமானம் வரவில்லை. பைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இங்கே இருக்கிற நர்ஸ் புதியவர், இரண்டு வாரத்துக்கு வந்தவர். அவரும் நானும் சேர்ந்து டாக்டர் பெல்வாலுக்குப் போன் போட்டோம். இரண்டு நாள் மட்டும் தினம் மூன்று முறையாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கூடாது என்றார். பவ்லுசி மட்டும் பயப்படவில்லை. நான்தான் பைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29

விமானச் சத்தம் கேட்டதும் பாதி ஊர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிகளை ஆளுக்கு இரண்டாக ஏற்றி வந்து, எங்கள் அறையில் கூரைவரை அடுக்கிவிட்டுப் போனார்கள். ஷூவை வாசலில் கழற்றச் சொல்லி மின்னி எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 16

மீன்பிடி முகாம். மதியம் பை மாற்றுகிற நேரத்துக்கு ஆளைக் காணோம். படகையும் காணோம். கரையில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. ஒருவழியாக வந்தான், வலை நிறைய மீன், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம். இதுக்கா உன்ன இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன், அறிவிருக்கா என்று ஆரம்பித்தவள்தான். அவனும் விடவில்லை: "மீன் உன் மணியப் பார்த்தா வரும்?"

ஒட்டாவாவில் இருந்த காலம் முழுக்க நாங்கள் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

கையைக் கழுவி, பையைக் கூடாரக் கழியில் மாட்டினேன். பழைய தண்ணீர் இறங்கி, புதுத் தண்ணீர் ஏறி முடிகிறவரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.