குறட்டைக்கு ஒரு டாக்டர்

மார்ச் 3

இன்சூரன்ஸ் கார்டு வந்துவிட்டது. என் கார்டில் என் பெயர் மட்டும். இவர் கார்டில் இவர் பெயருக்குப் பக்கத்தில் 'சார்ந்திருப்பவர்' என்றும், கீழே என் பெயரும் போட்டிருக்கிறது. இவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, கையில் கரண்டியோடு விறைப்பாக நின்று, "உத்தரவு மேடம்" என்றார். ஊரில் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டிய மனுஷர். இந்த நாட்டில் லைசென்ஸ் கிடைக்கிற வரைக்கும் அடுப்பை ஓட்டுகிறார். வருத்தமா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மே மாதம்தான் என் வேலை நிரந்தரமாகும். வேலை இருந்தால் கார்டு. கார்டு இருந்தால் நாங்கள் இரண்டு பேரும். வேலை போனால் — சரி, நல்ல நாளும் அதுவுமாக அதை எதற்கு எழுத வேண்டும்.

மார்ச் 6

பல்லுக்குக் கிடையாதாம்! தலை உண்டு, வயிறு உண்டு, முழங்கால் உண்டு. பல்லுக்கு மட்டும் தனி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வாய்க்கெல்லாம் பல்செட் செய்கிறவள் நான். என் கடைவாய்ப்பல் ஆடினால் நானே ஒன்று செய்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சொன்னது சோடாபுட்டி. லேபில் பக்கத்து மேஜை. தமிழ்ப் பெண், எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே இங்கே வந்தவள். அவள் கண்ணாடியைப் பார்த்து நான் மனசுக்குள் வைத்த பெயர் இது. அவளுக்குத் தெரிந்தால் என் பல் நிஜமாகவே ஆடும்.

மார்ச் 10

இவர் குறட்டை. தாங்க முடியவில்லை. ஊரில் இப்படி இல்லையே?

மார்ச் 14

இன்று லீவு. இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க. ஊரில் அப்படித்தானே, எங்கே வலிக்கிறதோ அந்த டாக்டர். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் கார்டைப் பார்த்தாள். "உங்க குடும்ப டாக்டர் யாரு?" என்று கேட்டாள். எங்களுக்கு ஏது குடும்ப டாக்டர்? குடும்பமே இரண்டு பேர்தான். திருப்பி அனுப்பிவிட்டாள், மரியாதையாகத்தான்.

சோடாபுட்டிக்கு போன் போட்டேன். சிரித்தாள். "எடுத்தவுடனே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போக முடியாதுக்கா. முதல்ல உங்க பேட்டையில ஒரு டாக்டர்கிட்ட பேரைப் பதியணும். அவங்க பாத்துட்டு சீட்டு எழுதினாத்தான் மத்தவங்க. இல்லேன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான்."

வரும்போது வழியிலேயே பதிந்துவிட்டோம். சலூனுக்கு மேல்மாடியில் கிளினிக். இவருக்கு 24ஆம் தேதி. குறட்டைக்குப் பத்து நாள் கழித்து அப்பாயின்ட்மென்ட்! "அதுவரைக்கும் விடாம பிராக்டிஸ் பண்றேன் மேடம்" என்றார்.

மார்ச் 19

கையைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

வலது கை. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். இரவில் மரத்துப்போய் எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து உதறினால் சரியாகும், மறுபடி வரும். இன்றைக்குப் பகலிலேயே வந்துவிட்டது. மேல்வரிசைப் பற்களுக்கு மெழுகு செதுக்கிக்கொண்டிருந்தேன், கத்தி நழுவிக் கீழே விழுந்தது. விழுந்ததே தெரியவில்லை, சத்தம் கேட்டுத்தான் குனிந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து பாதிப் பெட்டிக்கு மாத்திரை கொண்டுவந்தோமே, அதில் வலி மாத்திரையைப் போட்டுப் போட்டுத் தீரப்போகிறது. டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் எழுதுவார். எழுதினால் இன்சூரன்ஸ்காரர் படிப்பார். இன்சூரன்ஸ் கட்டுவது யார்? முதலாளியம்மா. கை வராதவளை எதற்கு நிரந்தரம் பண்ணுவாள்? நான் வாயைத் திறக்க மாட்டேன்பா.

மார்ச் 24

எனக்கு வருகிற கோபத்துக்கு —

முதலிலிருந்து எழுதுகிறேன். இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே எழுந்தேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். நோயாளி மட்டும்தானாம். கல்யாணமான நாளிலிருந்து இவருக்கு வந்த காய்ச்சல், இருமல், மூட்டுவலி எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னது நான்தான். இவர் நாக்கை நீட்டுவதோடு சரி. போதாக்குறைக்கு இந்த ஊர் மொழி இவருக்குப் பாதிதான் வரும். உள்ளே என்ன உளறுவாரோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தார். மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. நெஞ்சு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்களாம். நன்றாக இருக்கிறாராம். ஒருக்களித்துப் படுத்தால் போதுமாம்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?"

பஸ் நிறுத்தத்துப் பலகையில் நேரத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நல்லா தூங்கறீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ஏன்னு கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். நீ ராத்திரி ராத்திரி உக்காந்து கையை உதறிட்டு இருக்க. அதைப் பாத்தா எனக்கு எங்கேருந்து தூக்கம் வரும்?"

வார்த்தை வராமல் இவர் கையை உதறிக் காட்டியிருக்கிறார். டாக்டர் அம்மா இவருக்குத்தான் என்று நினைத்து, இவர் விரலையெல்லாம் அமுக்கிப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் இவர் "என் மனைவி, என் மனைவி" என்று சொல்லிப் புரியவைத்திருக்கிறார். அவங்களே வந்து சொல்லட்டும் என்று டாக்டர் அம்மா சொல்லி அனுப்பிவிட்டாராம்.

என் கையைப் பத்திப் பேச இவரை யாரு கேட்டா? குறட்டைக்குன்னு கூட்டிட்டுப் போனா, என் வேலைக்கே உலை வெச்சுட்டு வந்திருக்காரு.

இவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தூங்குகிறார் என்றல்லவா நினைத்தேன்.

மார்ச் 25

பேசவில்லை. சாப்பாடு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26

ஊரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். எல்லாவற்றையும் கொட்டினேன். இங்கே வந்ததிலிருந்துதான் இந்தக் குறட்டை என்றேன். "அடிப்பாவி! கல்யாணமான புதுசுல நீங்க எங்க வீட்ல வந்து தங்கினப்போ, நாங்க எல்லாரும் தலையணையைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினோமே! நீதான் பக்கத்துலயே மரக்கட்டை மாதிரி தூங்கின. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டியே நீ."

அப்படியென்றால் — குறட்டை புதுசில்லை. முழித்திருப்பதுதான் புதுசு.

மார்ச் 27

கை மரத்துப்போவதை டாக்டரிடம் சொன்னால் முதலாளிக்குத் தெரிந்துவிடுமா என்று மதியம் சோடாபுட்டியிடம் வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். "உங்க கையா அக்கா?" என்றாள். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாம் தெரிகிறது அவளுக்கு. "டாக்டர் எழுதறது முதலாளிக்குப் போகாதுக்கா. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஒழிய யாருக்கும் காட்ட மாட்டாங்க. எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனதே, நானா சொல்ற வரைக்கும் இங்க யாருக்கும் தெரியாது."

சாயங்காலம் நானே போய் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து இவரிடம் பேசினேன். முதல் வார்த்தை, "உப்பு கம்மி."

ஏப்ரல் 2

தனியாகப் போனேன். "சொல்லுங்க, என்ன தொந்தரவு?" என்றார் டாக்டர் அம்மா. வாயைத் திறந்தால் என்ன வருகிறது? இவர் குறட்டை, இவர் முழங்கால், இவர் காபியில் போடுகிற சர்க்கரை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அவர் வந்து சொல்லட்டும். உங்களுக்கு?" என்றார்.

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை. 'உனக்கு?' என்று யாரும் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது போலிருந்தது. அப்புறம்தான் தோன்றியது, நான் எங்கே கேட்க விட்டேன்?

சொன்னேன். கத்தி விழுந்தது வரைக்கும் சொன்னேன். மணிக்கட்டை மடக்கச் சொன்னார், தட்டிப் பார்த்தார். நரம்பு நசுங்குகிறதாம். இப்போதே வந்தது நல்லதாம், இன்னும் விட்டிருந்தால் விரலில் பலம் போயிருக்கும் என்றார். நரம்பு டெஸ்டுக்குச் சீட்டு எழுதினார். இரவில் மணிக்கட்டு மடங்காமல் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. முதலாளிக்குப் போகுமா என்று நானும் ஒரு தடவை கேட்டுக்கொண்டேன். போகாது. ஆனால் "நீங்களா சொன்னா அவங்களே வேலையை மாத்திக் குடுப்பாங்களோ என்னவோ" என்றார்.

ஏப்ரல் 4

பட்டையை இவர்தான் கட்டிவிடுகிறார். "சீட் பெல்ட் போட்டாச்சு மேடம், வண்டி எடுக்கலாமா?"

ஏப்ரல் 17

டெஸ்ட் ஆகிவிட்டது. ஆபரேஷன் வேண்டாமாம். அந்தத் தெம்பில் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று திட்டினார். தடிமனான பிடி போட்ட மெழுகுக்கத்தி வருகிறது. பிளாஸ்டர் அச்சைத் தேய்க்கிற வேலை சோடாபுட்டிக்குப் போய்விட்டது. "நல்லா சொன்னீங்கக்கா" என்று முறைத்தாள். நாளைக்கு அவளுக்கு ஏதாவது செய்துகொண்டு போக வேண்டும். இவரைச் செய்யச் சொல்ல வேண்டும்.

மே 20

வேலை நிரந்தரம்! கையும் இப்போது ராத்திரியில் எழுப்புவதில்லை. இவருக்கும் லைசென்ஸ் பரீட்சைக்குத் தேதி வந்திருக்கிறது. இரண்டு பேரும் சட்டை மாற்றிக்கொண்டு சும்மா கடைத்தெரு வரை நடக்கலாம் என்று கிளம்பினோம்.

மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரர் நிறுத்தினார். பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "தப்பா நினைக்காதீங்க. ராத்திரியில உங்க வீட்ல ஏதாவது மெஷின் ஓடுதா?"

"இல்லையே" என்றேன். "ஒரு சத்தமும் கேக்கலையே."

சத்தியமாகத்தான் சொன்னேன். இவர்தான் என் முதுகுக்குப் பின்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.