இயந்திரம் கேட்ட ‘ஓம்’

செவ்வாய்க்கிழமை இரவு, வெள்ளவத்தை

ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்க நேரம் பதிந்து கொடுக்கும் தொலைபேசிக் குரலை எங்கள் கம்பனிதான் செய்தது. தொடக்கத்தில், யாராவது சம்மதித்து “ஓம்” என்று சொன்னால் அது கோயில் குறியான ௐ-ஐத் திரையில் எழுதிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும். “சனத்தை ‘ஆம்’ என்று சொல்லச் சொல்லுவம்” என்றார் மனேஜர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“அப்பிடி இஞ்ச ஆர் கதைக்கிறது? மெஷின் பழகட்டும்” என்றேன். தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுவீடாக ஏறி, சனத்தின் குரல்களைப் பதிந்து வந்து அதற்குப் பழக்கினேன்.

இன்று அம்மா அந்த எண்ணுக்கு எடுத்தார். “வியாழன் பின்னேரம் சரியா?” என்று கேட்டது குரல்.

“ஓம் ஓம், பிள்ளை.”

உடனே பதிந்துவிட்டது.

போனை வைத்துவிட்டு அம்மா கேட்டார்: “ஆற்ற பிள்ளை அது? நல்ல பணிவாக் கதைக்குது.”

“என்ர பிள்ளைதான், அம்மா.”

சிரித்தார். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

முன்பு ஆஸ்பத்திரியில் அந்தப் போனை எடுத்து நேரம் பதிந்து கொடுத்த பிள்ளை இப்போது எங்கே என்று அம்மா இன்னும் கேட்கவில்லை.