வானத்திலிருந்து விழுந்த காகிதம்

அக்குறணை,
20 செப்டம்பர் 1937

அன்புள்ள மகன் பாயிஸுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பெஷாவர் வெயிலில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறாள். மழையில் மிளகுக் கொடி பாதி அழுகிவிட்டது. உன் ராத்தா றம்ஸியாவுக்கு மூன்றாவதும் பெண் பிள்ளை, மருமகன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அது கிடக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. உன் விமானப்படைப் பெரிய துரை, பெரிய யுத்தத்தில் சின்ன விமானியாகத் தொடங்கி இராக்கு, எல்லைப்புறம் என்று படிப்படியாக உயர்ந்து, இப்போது மலைக் கிராமங்களை அடக்கியதற்குப் பதக்கமும் வாங்கி டெல்லிக்குப் போகிறார், உன்னையும் தலைமைக் கிளாக்கராகக் கூட்டிப்போகிறார் என்று எழுதியிருந்தாய். குண்டு போடுமுன் ஊரைவிட்டுப் போகச் சொல்லிக் காகிதம் போடுகிற இரக்கமுள்ளவர், அந்தக் காகிதங்களைக் கட்டி அனுப்பியது நீதான் என்றும் எழுதியிருந்தாய். நான் பெருமை தாங்காமல் பள்ளிவாசலில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த எல்லைப்புற மலையிலிருந்து துணி விற்க வருகிற பட்டாணி ஸமான்கானும் அங்கே இருந்தார், பெருநாளுக்குப் பெருநாள் என்னோடு ஒரே சஹன் தட்டில் சாப்பிடுகிறவர். பிறகு வீட்டுக்கு வந்தார், மூட்டையை இறக்கவில்லை, உட்காரவும் இல்லை. அவருடைய ஊரிலும் காகிதம் விழுந்ததாம். குர்ஆன் எழுத்துப் போல இருக்கவே, வாசிக்கத் தெரியாத அவருடைய தாய், யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி முத்தமிட்டு, குர்ஆன் வைக்கும் மாடத்தில் வைத்துவிட்டு ரொட்டி சுட உட்கார்ந்தாளாம். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஆடுகளை மலைக்கு ஓட்டிப்போன தம்பி ஒருவன்தான், குண்டு விழுந்த பிறகு அந்த வீட்டில் மிச்சம். சொல்லிவிட்டு ஸமான்கான் போய்விட்டார், தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. உன் கடிதத்தை அவர் முன்னால் பெருமையாக வாசித்ததை நினைத்தால், மகன், வெட்கமாக இருக்கிறது.

துரை நல்லவராகவே இருக்கட்டும். அவர் ஏறும் படியில் நீ காலை வைக்காதே. டெல்லிக்குப் போகாமல் நோன்புக்கு முன்னே வந்து சேர், நம் கடையில் உனக்கு இடம் இருக்கிறது. அல்லாஹ் உனக்கு ஹலாலான ரிஸ்க்கையும் பிழைப்பையும் தெளிந்த புத்தியையும் தரட்டும்.

மறக்காமல் ஒன்று. கடையில் சாமான் சுற்றித் தருகிற சரைக் காகிதத்தில் அறபு எழுத்து இருந்தால்கூட அலுமாரிக்கு மேல் எடுத்து வைக்கிறவள் உன் உம்மா. ஸமான்கான் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். இதை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள், எனக்கும் வாசிக்கத் தெரியாதுதானே, அத மகனுக்கு எழுதுங்கோ என்றாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா
முஹ்ஸின்