அம்மா உளறவில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக டிவிடி பிளேயரிலிருந்து அந்தத் தட்டை எடுத்து, என் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்பா எழுந்து வந்து மறுபடி போட்டுவிடக் கூடாது.

நேற்று அப்பாவின் பிறந்தநாளுக்கு அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது. அம்மா இருந்தபோது அவனே எடுத்த பழைய வீடியோக்கள். போனில் பார்த்தால் அப்பாவின் கண்ணுக்கு எட்டாது, கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார். பெரிய டிவியும் பழகிய ரிமோட்டும்தான் அவருக்கு. அதனால் டிவிடி. நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் கொடுத்துப் "பளிச்சுன்னு பண்ணச் சொன்னேன்" என்றான்.

பளிச்சென்று என்ன இருக்கிறது? அம்மாவின் முகம் மெழுகு பொம்மை. அகல டிவி முழுக்க நிரம்ப வேண்டும் என்று படத்தின் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். பாதி நேரம் அம்மாவின் கைகளே இல்லை. இருக்கும் இடத்திலும் விரல்கள் விரல்களாக இல்லை, புகை. அதன்மேல் ரோஜாப்பூவும் "இனிய நினைவுகள்" என்ற மஞ்சள் எழுத்தும்.

எங்கள் வீட்டில் கைகள்தான் பேச்சு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கேட்பவர்கள் நானும் அண்ணனும் மட்டும்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையால் கேட்டார்: "இவள் ஏன் இப்படி உளறுகிறாள்? மாத்திரை ஏதாவது போட்டிருந்தாளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரிப்பு கண்வரை வரவில்லை. டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா ஒருநாளும் உளறியதில்லை. கறாரான கைகள் அவளுக்கு.

மார்ச் 5, புதன்

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"வாலு, நீ எதுலதான் குறை கண்டுபிடிக்கல? முகம் எவ்வளவு அழகா வந்திருக்கு பாரு."

"முகம் இருக்கு. பேச்சு எங்கண்ணா?"

"கை ஆட்டறதுதானே, அது தெரியுதே."

கை ஆட்டறது. நாற்பத்தெட்டு வயதுக்காரன், பெற்ற தாயின் மொழிக்கு வைத்திருக்கும் பெயர் இது. அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொள்ள என்ன அவசியம், நான்தான் இருந்தேனே. சின்ன வயதிலிருந்து அவனுக்கு வாயாகவும் காதாகவும்.

"சரி, பழைய ஃபைலைக் கொடு. நானே பார்த்துக்கறேன்."

"அதான் டிவிடி ஆயிடுச்சேன்னு அழிச்சிட்டேனே. இடத்தை அடைச்சிட்டு இருந்துச்சு."

போனை வைத்துவிட்டேன். ஆசையாகச் செய்தான், அதுதான் வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

ஆபீஸில் வேலை ஓடவில்லை. எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மதியச் சாப்பாட்டின்போது புலம்பினேன். என்ன கேமரா என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கேமரா பதிவு பண்றதே டிவிடியோட வடிவத்துலதான். அப்படியே எடுத்துத் தட்டுல வச்சா போதும். இவங்க அதைப் பிரிச்சு, நசுக்கி, மறுபடி கட்டியிருக்காங்க. வெந்த சோத்தை யாராவது திரும்ப உலையில போடுவாங்களா?"

இப்படிப் பிரித்துக் கட்டுவதற்கு என்கோட் என்று பெயராம்; ஒவ்வொரு முறை மறுபடி செய்யும்போதும் படம் கொஞ்சம் தேயுமாம். வேகமாக அசைவதுதான் முதலில் போகுமாம். அசையாத சுவரும் திரைச்சீலையும் நன்றாகவே இருக்கும்.

ஆக, எங்கள் வீட்டுச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் விரல்கள்தான் போயின.

மார்ச் 7, வெள்ளி

கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகப் பெரிய பெரிய கல்யாணப் படங்கள். முதலாளி மரியாதையாகத்தான் பேசினார்.

"சத்தமே இல்லாம இருந்துச்சு மேடம். பார்க்கிறவங்களுக்குப் போரடிக்குமேன்னு நல்ல வயலினாப் போட்டோம்."

"அவங்க பேசிட்டு இருக்காங்க."

"யாரு?"

"எங்க அம்மா."

திரையை உற்றுப் பார்த்தார். "வாய் அசையலையே மேடம்."

எனக்கு என்ன வந்ததோ, குரல் ஏறிவிட்டது. கைதாங்க பேச்சு, கையை வெட்டிட்டு ரோஜாப்பூ ஒட்டியிருக்கீங்க, யாரு கேட்டா ரோஜாப்பூ, உங்க வீட்டு வீடியோவுல எல்லார் வாயிலயும் பிளாஸ்திரி ஒட்டிக் குடுத்தா வாங்கிட்டுப் போவீங்களா — கதவருகே நின்றிருந்த ஒரு ஜோடி மெல்ல நழுவியது.

அதுமட்டுமா, சத்தம் இல்லையாமே. அம்மா பேசும்போது உள்ளங்கையில் தட்டும் சத்தம் உண்டு. மூச்சு உண்டு. தொண்டைக்குள்ளிருந்து எழும் அந்தச் சிரிப்பு உண்டு. அம்மாவுக்கே தெரியாத அம்மாவின் சத்தங்கள். இந்த வீட்டில் அவற்றைக் கேட்டது நானும் அண்ணனும்தான். அதையும் துடைத்துவிட்டு வயலின்.

அவர் பயந்தாரோ இரங்கினாரோ தெரியவில்லை. "பழசு எங்க ஹார்ட் டிஸ்க்ல இருக்கும் மேடம். இன்னும் அழிக்கல. எல்லாரும் பளிச்சுன்னுதான் கேக்கறாங்க, பழசை யாரும் கேட்டதில்ல."

இருந்தது. தொடாமல், துடைக்காமல், அப்படியே. பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 8, சனி

இணையத்தில் கிடைத்த ஒரு மென்பொருளில் கோப்புகளைப் போட்டு அழுத்தினேன். கோடு ஊர்ந்தது, ஊர்ந்தது, பாத்திரம் கழுவி வந்த பிறகும் ஊர்ந்துகொண்டிருந்தது. சந்தேகப்பட்டு ஆபீஸ் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"நிறுத்துங்கக்கா முதல்ல. அப்படியே எடுத்து வைக்க இவ்வளவு நேரம் ஆகாது. உள்ள அரைச்சிட்டு இருக்கு."

இதுவுமா? கேட்காமலே திருத்துவது என்று எல்லோரும் ஒரே பிடிவாதத்தில் இருக்கிறார்கள், மனிதர்களும் மென்பொருள்களும். மென்பொருளின் செட்டிங்ஸுக்குள் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்னக் கட்டம்: வடிவம் பொருந்தினால் மீண்டும் என்கோட் செய்ய வேண்டாம். அதை டிக் செய்தேன். சில நிமிடங்களில் முடிந்தது.

ஒரே ஒரு துண்டு போனில் எடுத்தது. அது டிவிடிக்குப் பொருந்தாது, மாற்றித்தான் ஆகவேண்டும். சரி, ஒரே முறை, மூலத்திலிருந்து நேராக. மற்றவற்றைத் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணிக்காமல் இரண்டில் எழுதினேன். படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். நிற்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான். முகம் கொஞ்சம் தூக்கித்தான் இருந்தது. புதுத் தட்டைப் போட்டதுமே "ஓரமெல்லாம் கறுப்பா இருக்கே" என்று ஆரம்பித்தான்.

அம்மா வந்தாள். விரல் விரலாக.

அப்பா நாற்காலியை இழுத்து டிவிக்குக் கிட்டே போட்டுக்கொண்டார். அம்மா மாடிவீட்டுக்காரியின் நடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொல்லாத கிண்டல். அப்பா திரையைப் பார்த்துப் பதிலே சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "போதும், மேலிருந்து பார்க்கப் போகிறாள்." போனில் எடுத்த துண்டு கொஞ்சம் மங்கல்தான், அதையும் தடுமாறாமல் வாசித்தார்.

பிறகு இன்னொரு துண்டு வந்தது. கடைக்காரர் கீழ்ப்பாதியை வெட்டி, மஞ்சள் எழுத்துப் போட்ட இடம். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கேமராவை, அதாவது எடுப்பவனை, நேராகப் பார்க்கிறாள். மடிக்குப் பக்கத்தில் கைகள் நிதானமாகச் சொல்கின்றன. குழந்தைக்குச் சொல்வதுபோல அவ்வளவு நிதானமாக.

"எடுத்தது போதும். அதைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார். உன்னோடு பேச வேண்டும். அவளைக் கூப்பிடாதே. நீ மட்டும்."

வயலின் இருந்த இடத்தில் இப்போது அண்ணனின் குரல், இளைய குரல்: "வாலு, கொஞ்சம் இங்க வா. அம்மா ஏதோ சொல்றாங்க."

படம் ஆடுகிறது. கை துடைத்துக்கொண்டு நான் வருகிறேன். என்னைப் பார்த்ததும் அம்மா கையை மடக்கிக்கொள்கிறாள். "ஒன்றுமில்லை. ஜன்னலைச் சாத்து."

நான் போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அவர் கை எழவில்லை.

அண்ணன் என் பக்கம் சாய்ந்தான். "வாலு, அம்மா அங்க என்ன சொல்றாங்க?"

நாக்கு நுனிவரை வந்தது. வழக்கம் அப்படி. "அப்பாவைக் கேளு" என்றேன்.

"விளையாடாத. எனக்கு எப்படிப் புரியும்?"

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். அவன் கிளம்பும்போது கோபமாகத்தான் கிளம்பினான். அடுத்த ஞாயிறு வருவேன் என்று மட்டும் சொன்னான்.

அம்மா சொன்னதை எழுதி அனுப்பிவிடலாம், ஒரு நிமிட வேலை. மாட்டேன். இன்னொரு முறை அம்மாவை நான் மாற்றிக் கொடுக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு டிவிடியை பிளேயரில் போட்டு, ரிமோட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அவன் வருவதற்கு முன்பே வெளியே போய்விடப் போகிறேன். அதற்கடுத்த ஞாயிறும். அம்மா சொன்னது தெரிய வேண்டுமென்றால் அவன் அப்பாவின் கைகளைத்தான் பார்த்தாக வேண்டும். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.