டிரம்ஸ் ஓய்ந்த பிறகு

3 ஜூலை 2025, மாட்டுங்கா, மும்பை
ஐரோலியிலிருந்து ரஞ்சனா போன். அவள் அப்பா கிட்டு, என் கணவரின் தம்பி, 1986-இல் பாடிய ஒரே ராக் கேசட்டை இணையத்தில் போட ஆசைப்படுகிறாள். அவன் சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்த கேசட்டுகளையும் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனிடம் போட்டுவிட்டானாம். "நீங்க சொன்னா கேப்பார் பெரியம்மா." எங்கே கேட்கிறான்!

5 ஜூலை
என்னிடம் ஒன்று இருக்கிறது. முதல் பக்கம் கேட்டேன். சகிக்கவில்லை. கிட்டார் பாட்டை நசுக்குகிறது. வரிகளில் அசடு வழிகிறது. கேசட் வந்தபோது எல்லாரும் சிரித்தது நியாயம்தானோ?

6 ஜூலை
இல்லை. இரண்டாம் பக்கம் வேறு. கல்யாண் ரயிலைத் தவறவிட்டவனின் பாட்டு — அந்தக் குரல் யாரிடமும் கெஞ்சவில்லை, தண்டவாளத்தோரம் நடந்துகொண்டே இருக்கிறது. கணக்கின் வழியெல்லாம் சரியாகப் போட்டு, விடையில் மட்டும் சறுக்கிய பையனுக்கு நான் என்றைக்காவது சுழியம் போட்டிருக்கிறேனா? இதற்கு மட்டும் ஏன்?

9 ஜூலை
கிட்டுவிடம் பேசினேன். வீண்.
"டிரம்ஸ் ஆரம்பிச்சதும் ஹாலே எழுந்து போயிடுத்து மன்னி. மாட்டுங்காவுக்கே வேண்டாதது ஊருக்கு எதுக்கு?"
அன்று கச்சேரி மேடையை விட்டு இறங்கியவன் பிறகு பாடவே இல்லை. நண்பர்கள்தான் அந்தக் கச்சேரிப் பதிவைக் கேசட்டாகப் போட்டார்கள். அதை அவன் ஒரு முறைகூடக் கேட்டதில்லை! கேட்காமலே தீர்ப்பு. எரிச்சலாக வருகிறது. நானோ அன்று பரீட்சைத் தாள் திருத்தப் போயிருந்தேன். என்ன சொல்லி மறுப்பது?

10 ஜூலை
கீழ்வீட்டு பத்ரிநாராயணன் அன்று ஹாலில் இருந்தவர். விசாரித்தால் அவருக்குக் கோபம்!
"தனி ஆவர்த்தனம்னா கேன்டீனுக்குப் போறது வழக்கம்தானே மாமி? மிருதங்கமானா என்ன, டிரம்ஸானா என்ன? காபி குடிச்சுட்டுத் திரும்பினா பாடறவனைக் காணோம். பாதியில ஓடினது அவனாக்கும்!"
காபி! ஒரு வாய்க் காபிக்காகவா இவன் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டான்?

11 ஜூலை
டிரம்ஸ் வந்தால் நானும் கேசட்டை நிறுத்திவிடுவது வழக்கம். இன்று ஓடவிட்டேன். டிரம்ஸ் ஓய்ந்தது, வெறும் இரைச்சல். பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம், நிறைய; திரும்பி வந்து உட்காருகிறார்கள். "கிட்டு எங்கேடா? அந்த ரயில் பாட்டு இன்னொரு தரம்!"
போனிலேயே அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்ட கையோடு போனை வைத்துவிட்டான்.

14 ஜூலை
போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான். முரடன்.

20 ஜூலை, ஞாயிறு
கிட்டு வந்தான், ரஞ்சனாவோடு. "போடுங்கோ" என்றான். முதல் பக்கத்துக்குத் தலையில் அடித்துக்கொண்டான். ரயில் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டான். டிரம்ஸ் ஆரம்பித்ததும் எழுந்துவிட்டான்.
"எங்கே போறே கிட்டு?"
"காபி போடறேன் மன்னி. நிறுத்தாதீங்கோ."