கல்லில் ஒரு பெயர் பாக்கி

அன்புள்ளவருக்கு,

படகோடு மூழ்கிப்போனவர்களின் நினைவுக்கல்லில் ஒரு பெயர் தவிர எல்லாம் செதுக்கிவிட்டேன். அந்த ஒன்றுக்கான உளிச் சத்தத்தைக் கேட்க முடியாமல்தானே கிளாஸ்கோவுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்குப் போனீர்கள்.

"அதை ஸ்டோர்னோவே டவுன் கல்தச்சன் வெட்டட்டுமேடி," என்றாள் பக்கத்து வீட்டு மர்டீனா. முடியாது என்றேன்.

"சரி, ஞாயித்துக்கிழமை மட்டும் தட்டிராத. கர்த்தர் பொறுத்தாலும் நான் பொறுக்க மாட்டேன்."

இன்று ஞாயிறு. தீவில் சுத்தியல் ஓயும் இந்த நாளில்தான் எனக்குக் கவிதை வரும், உங்களுக்குத் தெரியுமே. காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரே சொல், நாம் அவனுக்கு வைத்த பெயர்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வாருங்கள். நீங்கள் வராவிட்டாலும் சனிக்கிழமை வெட்டுவேன். வந்தால், எழுத்துக்குள் விழும் தூளை ஊதிவிடுங்கள். கடற்கரையில் அவன் கண்ணில் மணல் விழுந்தால் ஊதுவீர்களே, அப்படி.

இப்படிக்கு,
அவன் அம்மா