காலியாக ஒரு முறை

புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் சின்னப் பொட்டலம் ஒன்று மடியில் விழுந்தது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள். எதற்கெடுத்தாலும் அழுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கடைக்காரர் முன்னால் அழுது வைத்தேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டினோம். விண்வெளித் தூசியின் மேல் படிந்த பனிக்குள் ஆக்சிஜன் இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாக இருக்கும்போது அது அகச்சிவப்பு ஒளிக்குப் பிடிகொடுக்காது. பனியில் மற்ற மூலக்கூறுகள் நெருக்கினால் லேசாகத் தெரியும் என்று நம்பினோம். "கூட்டத்துல இடிச்சாத்தான் வாயத் தொறக்கும், உன்ன மாரி" என்பாய். மின்சார ரயிலில் ஆவடியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, அம்பத்தூரில் முண்டியடித்து ஏறும் என்னைப் பார்த்துச் சொல்வது அது.

அந்த மாதத்துக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார் பேராசிரியர். வெளியே அடைமழை. ஆய்வகத்தில் உறைய வைத்த பனிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி எடுத்த வரைபடத்தில், நாம் எதிர்பார்த்த இடத்திலேயே சின்னப் பள்ளம் விழுந்தது. பேராசிரியரிடம் ஓடப் போன என்னைத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாய்.

"இருடி. காலியா ஒரு தபா எட்த்துப் பாத்துடலாம்."

பனியே இல்லாமல் எடுத்தோம். அப்போதும் அதே பள்ளம். கருவிக்குள் புகுந்த மழைக்காற்றின் ஈரம் நம்மை ஏய்த்திருந்தது. எனக்கு ஆத்திரம் மழை மேல் வரவில்லை, உன் மேல்தான் வந்தது.

கருவிக்குள் வைத்திருந்த நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் நிறமாகியிருந்தன. ஆய்வகத்தின் சூடேற்றும் பெட்டி பழுது. டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போய், தூக்கிப் போட வைத்திருந்த வாணலியில் வறுத்தோம். உன் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, ரோஸ் கலர்ல ஜவ்வரிசி? பாயசமா?"

நாம் சிரித்து முடிப்பதற்குள் மணிகள் நீலமாகிவிட்டன.

அதன்பின் காலியாக எடுத்தபோது கோடு நேராக ஓடியது. ஆக்சிஜன் சேர்க்காத பனியிலும் அந்த இடத்தில் பள்ளம் இல்லை. சேர்த்த பிறகுதான் அந்தப் பள்ளம் வந்தது, நகக்கண் அளவுக்கு. நீ குதிக்கவில்லை. கண் கலங்கி, "இப்ப ஓடு, போய்ச் சொல்லு" என்றாய்.

என் மாணவர்களையும் முதலில் காலியாகத்தான் எடுக்கச் சொல்கிறேன். உன் விஷயத்தில் மட்டும் வரிசை தலைகீழாகிவிட்டது. நீ இருந்த நாட்களை முதலில் எடுத்து முடித்துவிட்டேன். நீ போன பிறகு, காலியானதை இப்போதுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் நீ இருந்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.